கல்லும் கரையும், கரியும் நிலைக்கும்!

மாறாத ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் நம்மவர் நாவில் முதலில் வருவது கல்லே. அழியாத சொல்லைக் 'கல்லில் எழுதிய எழுத்து' என்பர். இல்லறத்தில் நிலைகுலையாதிருத்தல் வேண்டும் என்பதற்கு அடையாளமாக, மணவறையில் மணமகளின் பாதத்தை எடுத்து அம்மியின்மீது வைப்பர். அவ்வேளையில் அவளுடைய காதிலும் மூக்கிலும் விரலிலும் வேறு சில கற்கள் ஒளிவிட்டுக்கொண்டிருக்கும். காலின் கீழ் ஒரு கல். கைவிரலில் ஒரு கல். இரண்டும் நிலைபேற்றின் அடையாளங்களே. ஆயினும் இரண்டும் ஒரே வகையான உறுதியை உடையன அல்ல.

கல் என்பது உண்மையிலேயே அத்தனை உறுதியானதுதானா? பாட்டியார் பேத்திக்குக் கொடுத்த பதக்கத்திலுள்ள கற்களுள் எது இன்னும் நூறாண்டு பொலிவு குன்றாதிருக்கும், எது மங்கும், எது உடையும்? இக்கேள்விகள் மாணவர்க்கு மட்டும் உரியன அல்ல. நகைப்பெட்டி வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியன. கனிப்பொருளியல் இவற்றுக்குத் தெளிவான விடைகளைத் தந்திருக்கின்றது.

காலடியிலுள்ள கல்

இரத்தினங்களைத் தேடிப் போகுமுன் எங்கள் மயிலிட்டியின் கல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே அமைந்த கடற்றொழில் ஊர் இது. இங்கே மண்ணை இரண்டு முழம் வெட்டுமுன்னரே மண்வெட்டி கல்லில் மோதும். அது சுண்ணக்கல். மயோசீன் என்று புவிச்சரிதவியலார் பெயரிட்ட காலத்தில், அதாவது ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஆழமில்லாத கடலின் அடியிலே சிப்பிகளும் சங்குகளும் முருகைகளும் படிந்து இறுகியதனால் உண்டான கல். இன்றும் கிணறு வெட்டும்போது கல்லிடையே சிப்பியின் உருவம் பதிந்திருப்பதைக் காணலாம்.

பார்வைக்கு இக்கல் மிக உறுதியானது. வீட்டுச் சுவரும் கிணற்றுக்கட்டும் மதிலும் இதனாலேயே எழுந்தன. ஆனால் இதன்மீது ஓர் எலுமிச்சம்பழத் துண்டைப் பிழிந்து பாருங்கள். சிறு சிறு குமிழிகள் பொங்கி எழும். கல்லின் பெரும்பகுதி கல்சியங் காபனேற்று என்னும் பொருள். புளிப்புப் பட்டதும் அது கரைந்து காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடுகின்றது. எலுமிச்சை செய்வதை மழைநீர் மெல்லச் செய்கின்றது. வானத்திலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு இறங்கும் மழைநீர் மிக மெல்லிய அமிலமாகிக் கல்லின் வெடிப்புகளிற் புகுந்து, ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அதனைக் கரைத்து வருகின்றது. குடாநாட்டின் அடியில் குகைகளும் நிலக்கீழ் நீரோட்டங்களும் உண்டானது இவ்வாறே. கீரிமலையில் கடலின் ஓரத்திலேயே நன்னீர் ஊறுவதற்கும், புத்தூர் நிலாவரையில் ஆழ்ந்த நீர்நிலை ஒன்று திறந்து கிடப்பதற்கும் காரணம் இக்கரைவே. கரைந்த கல் எங்கே போயிற்று என்று கேட்பீர்களாயின், உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியிற் படிந்திருக்கும் வெண்ணிறப் படலத்தைப் பாருங்கள். நாம் நாள்தோறும் குடிக்கும் நீரிலே நம் ஊர் கரைந்திருக்கின்றது.

யாழ்ப்பாணத்து அம்மியும் ஆட்டுக்கல்லும் ஏன் ஊர்க்கல்லால் ஆக்கப்படவில்லை என்பதும் இதனால் விளங்கும். புளியும் எலுமிச்சையும் படும் இடத்தில் சுண்ணக்கல் கரையும்; மிளகாய் அரைக்கும்போதே தேய்ந்து சம்பலில் மாவாகச் சேரும். ஆகவேதான் கருங்கல்லை வெளியிலிருந்து கொண்டுவந்தனர். அந்தக் கருங்கல் அம்மியுங்கூட நாளடைவில் வழுவழுத்துப் போக, அதனை மீண்டும் பொளிய வேண்டியிருக்கின்றது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற பழமொழி வெறும் உவமை அன்று.

மூவகை உறுதி

உறுதி என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வேறுபட்ட பண்புகளைக் குறித்துவிடுகின்றோம். கனிப்பொருளியலார் இவற்றைப் பிரித்துக் காண்பர். முதலாவது வன்மை, கீறலைத் தாங்கும் ஆற்றல். இரண்டாவது முறியாமை, அடியையும் வீழ்ச்சியையும் தாங்கும் ஆற்றல். மூன்றாவது மாறாமை, வெப்பம், ஒளி, அமிலம், வியர்வை ஆகியவற்றால் தன் இயல்பு கெடாதிருக்கும் ஆற்றல். ஒரு கல்லில் இம்மூன்றும் ஒருங்கே மிகுந்திருப்பது அரிது. ஒன்றில் முதல்வனாக இருப்பது மற்றொன்றில் கடைசி வாங்கில் இருக்கக்கூடும்; மாணவர் சிலரைப் போல என்றும் சொல்லலாம்.

வன்மையை அளக்க எளிய வழியொன்றை 1812ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பிரெடெரிக் மோஸ் வகுத்தார். எது எதனைக் கீறுகின்றதோ அது அதனினும் வலியது என்பதே அவர் விதி. பத்துக் கனிப்பொருள்களைப் படிப்படியாக அவர் நிறுத்தினார். முதற்படி மாக்கல், இரண்டு ஜிப்சம், மூன்று கல்சைற்று, நான்கு புளோரைற்று, ஐந்து அப்பதைற்று, ஆறு பெல்ஸ்பார், ஏழு படிகக்கல், எட்டு தோப்பாஸ், ஒன்பது குருந்தம், பத்து வைரம். நம் கைநகம் இரண்டரை அளவிலும், சாதாரணக் கண்ணாடி ஐந்தரை அளவிலும் நிற்கும். எங்கள் மயிலிட்டிக் கல்லின் பெரும்பகுதி கல்சைற்று. ஆகவே அதன் இடம் மூன்றாம் படி.

இவ்வேணியில் இலங்கையின் பொருள்கள் பல உண்டு. ஐந்தாம் படியிலுள்ள அப்பதைற்று அனுராதபுரத்தை அடுத்த எப்பாவலயில் பெருமளவிற் கிடைக்கின்றது. ஆறாம் படியைச் சேர்ந்த சந்திரகாந்தக்கல் தென்மாகாணத்து மீட்டியாகொடையில் அகழப்படுவது. ஒன்பதாம் படியின் பெயரையோ உலகுக்கு வழங்கியது தமிழ். 'குருந்தம்' என்ற சொல்லே சிறிது உருமாறி ஐரோப்பிய மொழிகளில் அக்கனிப்பொருளின் பெயராக நிலைத்துவிட்டது. நீலமும் சிவப்பு மாணிக்கமும் குருந்தமே. அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த அந்தத் தெளிந்த பொருளிற் சிறிதளவு இரும்பும் தைத்தேனியமும் கலந்தால் நீலம். சிறிதளவு குரோமியம் கலந்தால் மாணிக்கம்.

இந்த ஏணியின் படிகள் சமமானவை அல்ல என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஒன்பதுக்கும் பத்துக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிது. வேறு வகையில் அளந்து பார்த்தால், வைரம் குருந்தத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வலியது. வைரத்தை வெட்டவும் மெருகிடவும் வைரத்தூளே வேண்டும் என்பது இதனாலேயே. 1852ஆம் ஆண்டில் கோகினூர் வைரத்தை இலண்டனில் மீளவும் பட்டைதீட்டியபோது அதன் நிறை ஏறத்தாழ 190 கரட்டிலிருந்து 106 கரட்டுக்கு இறங்கிற்று. அரசர்களின் படையெடுப்புகள் பலவற்றைக் கடந்து வந்த கல், மெருகுச் சக்கரத்தின் முன்னே பாதியளவு தேய்ந்துவிட்டது.

வைரம் உடையும், வைரம் எரியும்

வைரத்தைப் பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்தாலும் உடையாது என்று பண்டைய உரோமானிய ஆசிரியர் பிளினி முதலாம் நூற்றாண்டிலே எழுதி வைத்தார். அதனை நம்பி அடித்துப் பார்த்தவர் கையிலே தூள்தான் எஞ்சியிருக்கும். வைரத்தின் அணுக்கள் அடுக்கப்பட்ட முறையில் நான்கு திசைகளிற் பிளவுத் தளங்கள் உண்டு. அத்தளத்தின் வழியே ஓர் அடி விழுந்தால் உலகின் வலிய கல் விறகுபோலப் பிளந்துவிடும். பட்டைதீட்டுவோர் தொன்றுதொட்டு வைரத்தைப் பிளந்து வந்ததும் இம்முறையால்தான். இதற்கு மாறாக, சீனர் வளையல் கடைந்து அணியும் பச்சை நிற ஜேட் என்னும் கல், வன்மையில் ஆறு அல்லது ஏழாம் படியில் நின்றாலும், அதன் நுண்ணிய இழைகள் பாய் முடைந்தாற்போல ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதனால் எளிதில் உடையாது. வன்மை வேறு, முறியாமை வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

மூன்றாவது பண்பிலும் வைரத்துக்குக் குறையுண்டு. 1772ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞர் லவோசியர், பெரிய கண்ணாடி வில்லை ஒன்றினாற் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்துக் காட்டினார். 1797இல் ஆங்கிலேயரான சிமித்சன் தெனன்ற், வைரமும் கரியும் ஒரே பொருள் என்பதை எரித்து அளந்தே நிறுவினார். எஞ்சியது காபனீரொட்சைட்டு வாயு மட்டுமே.

அதே காபனின் இன்னோர் உருவம் காரீயம் என்று நாம் வழங்கும் பென்சிற்கரி. இலங்கையில் வைரச் சுரங்கம் இல்லை. ஆனால் போகலவிலும் ககட்டகஹவிலும் உலகின் மிகத் தூய காரீயம் பாறை நரம்புகளாக ஓடுகின்றது. வன்மையில் அது ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டது. விரலிற் பட்டாலே ஒட்டிக்கொள்ளும். எனினும் காற்றுப் படாத இடத்தில் 3,000 பாகை வெப்பத்தையும் அது தாங்கும். உலோகங்களை உருக்கும் மூசைகளை அதனாற் செய்வது இதற்காகவே. காற்றில்லாத இடத்தில் வைரத்தை மிகக் கடுமையாகச் சூடாக்கினால் அது காரீயமாக மாறிவிடும். பூமியின் மேற்பரப்பில் நிலையான உருவம் காரீயமே. வைரம் மாறுவதற்கு எடுக்கும் காலம் எண்ண முடியாதபடி நீண்டதாக இருப்பதனால் நமக்கு அது நிலைத்ததாகத் தோன்றுகின்றது. மென்மையானது நிலைத்து, வன்மையானது மாறுகின்ற விந்தையை இங்கே காண்கின்றோம்.

ஆற்றுப்படுகை என்னும் பரீட்சை மண்டபம்

கற்களின் உறுதியை இயற்கையே சோதித்துப் பார்த்த இடம் ஒன்றுண்டு. அது சப்பிரகமுவாவின் இரத்தினபுரி. அங்கே வயலிலும் ஆற்றோரத்திலும் குழிதோண்டி, 'இல்லம்' என்று சிங்களத்தில் வழங்கும் பருக்கைக்கல் படையை எடுத்துக் கூடையிலிட்டு நீரில் அரித்து இரத்தினங்களைத் தேடுவர். அவை அந்தக் குழியிற் பிறந்தவை அல்ல. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இப்போதைய மலைநாட்டுப் பாறைகள் பூமியின் ஆழத்திலே பெருவெப்பத்துக்கும் பேரழுத்தத்துக்கும் உட்பட்டபோது பிறந்தவை. பின்னர் மலைகள் தேய்ந்தன. மழையும் வெயிலும் பாறையைச் சிதைத்தன. பெல்ஸ்பார் களிமண்ணாயிற்று, மைக்கா செதில்செதிலாக மிதந்து போயிற்று, ஆறு எல்லாவற்றையும் உருட்டிச் சென்றது. உருளும் வழியில் வெடிப்புள்ள கல் உடைந்தது; மென்மையான கல் பொடியாயிற்று. வன்மை, முறியாமை, மாறாமை மூன்றிலும் தேறியவை மட்டும், தம் பாரத்தினால் ஆற்றின் அடியிலே தங்கின. ஆறு வேண்டாதவற்றைக் கழித்துத் தந்த மிச்சமே இரத்தினம்.

நீலம் அப்பரீட்சையில் முதல் வகுப்பிற் தேறியது. அமெரிக்காவின் நியூயோர்க் நகரத்து இயற்கை வரலாற்று நூதனசாலையில் 'இந்தியாவின் நட்சத்திரம்' என்ற பெயருடன் இருக்கும் 563 கரட் நட்சத்திர நீலம் பெயருக்குத்தான் இந்தியாவுக்குரியது, பிறந்தது இலங்கையில். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிற் திருடர் அதனைக் கவர்ந்து சென்றனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அது மீட்கப்பட்டபோது அதன் உடலில் ஒரு குறைவுமில்லை. வைடூரியம் எட்டரைப் படியிலும், ஸ்பினல் எட்டாம் படியிலும், கோமேதகம் ஏழை ஒட்டியும் நிற்கின்றன.

இதே தேர்வினை நம் கிழக்குக் கடலும் நடத்தியிருக்கின்றது. புல்மோட்டைக் கரையிலுள்ள கறுத்த மணலில் இல்மனைற்று, ரூற்றைல், சேர்க்கன் ஆகிய கனிப்பொருள்கள் செறிந்துள்ளன. அலை இலேசானவற்றை இழுத்துக்கொண்டு, உறுதியும் பாரமும் உள்ளவற்றைக் கரையில் விட்டுச் சென்றது.

உள்ளிருந்து அழியும் கல்

சேர்க்கன் என்ற கல்லைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நிறமற்ற சேர்க்கனை 'மாத்தறை வைரம்' என்று பழைய வணிகர் விற்றனர். அது காலத்தை வென்ற கனிப்பொருள். மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜக் மலைகளிற் கிடைத்த சேர்க்கன் துணுக்கு ஒன்றின் வயது 440 கோடி ஆண்டு என 2001ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அது பிறந்த பாறை போயிற்று. அப்பாறை இருந்த மலை போயிற்று. மண்துகள் போன்ற அந்தப் பளிங்கு மட்டும் எஞ்சியது. பூமியில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கனிப்பொருள் துண்டு அதுவே.

ஆயினும் அதே சேர்க்கன் இனத்தில், இலங்கையிற் கிடைக்கும் சில கற்கள் வெளியே குறையொன்றும் இன்றி உள்ளே நொறுங்கியிருக்கின்றன. அவற்றுள் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு சிறைப்பட்டுள்ளன. அவ்வணுக்கள் சிதையும் ஒவ்வொரு தடவையும் பளிங்கின் ஒழுங்கு சிறிது குலைகின்றது. 55 கோடி ஆண்டு இவ்வாறு நடந்ததன் பயனாகப் பளிங்கு கண்ணாடிபோல உருவற்ற நிலையை அடைந்து, அடர்த்தியும் வன்மையும் குன்றிவிட்டது. அமிலமும் ஆறும் செய்ய முடியாததை அகத்தே இருந்த பகை செய்து முடித்தது.

இத்துறையிலே நம்மவர் ஒருவரின் பெயர் உலகெங்கும் பதிந்திருக்கின்றது. அவரே ஆனந்த குமாரசுவாமி. சிவதாண்டவத்தின் தத்துவத்தை மேனாட்டார்க்கு விளக்கிய கலை அறிஞராக அவரை நாம் அறிவோம். ஆனால் அவர் முதலிற் கற்றது கல்லை. 1903ஆம் ஆண்டு தொடக்கம் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதல் இயக்குநராக மலைநாடெங்கும் நடந்து பாறைகளை ஆராய்ந்தார். தோரியனைற்று என்ற கதிர்வீசும் கனிப்பொருள் 1904இல் அறிவுலகுக்குத் தெரியவந்தது அவரது தேடலினாலேயே. செரண்டிபைற்று என்ற மிக அரிய இரத்தினத்தை பிரையர் என்பாருடன் சேர்ந்து முதன்முதல் விவரித்தவரும் அவரே. கல்லின் உள்ளே ஓயாத அசைவு உண்டு என்பதைக் கண்டவர், பிற்காலத்தில் அம்பலத்தாடுவானின் அசைவைப் பற்றி எழுதினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

முத்தும் பவளமும்

நவமணிகளுள் இரண்டு கல்லே அல்ல. முத்து சிப்பியின் உடலிற் பிறப்பது. பவளம் கடல்வாழ் சிற்றுயிர்களின் கூடு. இரண்டும் பெரும்பாலும் கல்சியங் காபனேற்றே. மன்னார்க் கடலின் முத்தும், மயிலிட்டி மதிற்கல்லும், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் மூலப்பொருளும் இரசாயனத்தில் உடன்பிறப்புகள் என்றால் சிலர் நம்பமாட்டார்கள். ஆகவே எலுமிச்சைக்கு நம் ஊர்க்கல் எவ்வாறு இடங்கொடுக்கின்றதோ அவ்வாறே முத்தும் இடங்கொடுக்கும். வியர்வையின் புளிப்பே அதன் ஒளியை நாளடைவில் மங்கச் செய்யும்.

இருந்தும் முத்து உடனே அழிந்துவிடும் பொருளும் அன்று. அபுதாபியை அடுத்த மராவா தீவிலே அகழ்ந்தெடுத்த ஒரு முத்து ஏறத்தாழ 8,000 ஆண்டு பழமையானது என 2019இல் அறிவித்தனர். உலர்ந்த, அமைதியான இடத்தில் இருந்ததனால் அது பிழைத்தது. உறுதி என்பது பொருளின் குணம் மட்டுமன்று. அது இருக்கும் இடத்தையும் பொறுத்தது.

சிலப்பதிகாரத்தில் நீதி முத்துக்கும் மாணிக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டிலேயே தங்கி நின்றது என்பதை நாம் அறிவோம். அரசியின் சிலம்பிலே முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கப் பரல். உடைத்தபோது தெறித்த பரல் உண்மையைச் சொல்லிற்று. உடைக்குமுன் அதனைச் சோதிக்க ஒருவரும் எண்ணாததே பாண்டியன் கண்ட கேடு. மதுரை வணிகர் தெருவில் ஒன்பது மணிகளின் குணமும் குற்றமும் ஆராயப்பட்ட செய்தியையும் அதே நூலின் ஊர்காண் காதை விரித்துரைக்கின்றது. ஆராயும் அறிவு தெருவில் இருந்தது; அரண்மனையில் அது பயன்படவில்லை.

நகைப்பெட்டியைத் திறக்கும்போது

இனி வீட்டுக்குப் பயன்படும் சிலவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

வீட்டுத் தூசியில் படிகக்கல்லின் நுண்துகள் உண்டு. அதன் வன்மை ஏழு. ஆகவே ஏழுக்குக் கீழ்ப்பட்ட எந்தக் கல்லையும் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால், தூசியே அரம்போல அதனைக் கீறும். சந்திரகாந்தக்கல் மங்கிப் போவது பெரும்பாலும் இதனால்தான். முதலில் நீரால் தூசியைக் கழுவி, பின்னர் மென்மையாகத் துடைத்தல் நன்று.

எல்லா நகைகளையும் ஒரே பெட்டியிற் கொட்டி வைத்தல் ஆகாது. வைரம் நீலத்தைக் கீறும். நீலம் கோமேதகத்தைக் கீறும். எல்லாம் சேர்ந்து முத்தைக் கெடுக்கும். தனித்தனியே துணியிற் சுற்றி வைக்க வேண்டும்.

முத்துமாலையை அலங்காரம் முடிந்த பின் கடைசியாக அணிந்து, வீடு வந்ததும் முதலாவதாகக் கழற்றி, ஈரத்துணியால் ஒற்றி வைக்க வேண்டும். வாசனைத் திரவியமும் எலுமிச்சையும் அதற்கு ஆகா.

மரகதத்தில் இயற்கையாகவே வெடிப்புகள் மிகுதி. அவற்றை மறைக்க எண்ணெய் ஊட்டுவது வழக்கம். வெந்நீரிலிட்டால் எண்ணெய் வெளியேறி வெடிப்புத் தோன்றும். நகையைப் பத்தரிடம் திருத்தக் கொடுக்கும்போது எக்கல் பதிக்கப்பட்டுள்ளது என்பதைச் சொல்லிக் கொடுங்கள். ஊதுகுழல் தீ வைரத்தின் மேற்பரப்பையுங்கூட வெண்மையாக்கிவிடும்.

'கண்ணாடியைக் கீறினால் வைரம்' என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டும். படிகக்கல்லும் கீறும், சேர்க்கனும் கீறும். 1902ஆம் ஆண்டில் பிரான்சியரான வேர்நோய் தீச்சுடரில் மாணிக்கத்தை ஆக்கும் முறையை வெளியிட்டார். அவ்வாறு ஆக்கிய கல் வன்மையில் இயற்கைக் கல்லுக்குச் சிறிதும் குறைந்ததன்று. ஆகவே உறுதி ஒன்றே உண்மைக்குச் சான்றாகாது. மறுபுறம், 2004ஆம் ஆண்டளவிலிருந்து ஈயக்கண்ணாடி நிரப்பிய மாணிக்கங்கள் சந்தைக்கு வந்துள்ளன. அவற்றின் பெயர் மாணிக்கம். ஆனால் வெடிப்பை நிரப்பிய கண்ணாடியை எலுமிச்சைச் சாறே அரித்துவிடும். பெருந்தொகை கொடுத்து வாங்குமுன், கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் சோதனைக்கூடம் போன்ற தகுதியுள்ள இடத்திற் சோதித்துச் சான்றிதழ் பெறுவதே அறிவுடைமை. உடைத்துப் பார்க்கும் நிலை நமக்கு வேண்டாம்.

எது நிலைத்தது?

எங்கள் ஊரின் கல்லுக்குத் திரும்புவோம். 1950ஆம் ஆண்டில் காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. இங்குள்ள சுண்ணக்கல்லும் முருங்கனிலிருந்து வந்த களிமண்ணும் சேர்ந்து ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் வெந்து சீமெந்தாயின. சிப்பிகள் கோடி ஆண்டுகளாகக் கட்டிய கல், மனிதன் கட்டும் கல்லாக மாறி இலங்கையெங்கும் சென்றது. 1990இல் போரினால் அந்த உலை அணைந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் மயிலிட்டி மக்களும் ஊரைவிட்டு வெளியேறினர். என் வயதினர் அப்போது பள்ளிச் சிறுவர். கையில் எடுத்துக்கொண்டு புறப்பட இயன்றவை சிலவே: நகை, உடுபுடைவை, காணிப் பத்திரம்.

27 ஆண்டுகளின் பின், 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதனை அடுத்த நிலத்தின் ஒரு பகுதியும் மக்களிடம் மீண்டன. வந்து பார்த்தவர்கள் கண்டது என்ன? கூரையும் மரமும் போயிருந்தன. சுவர்கள் பல இருந்த இடம் தெரியவில்லை. எஞ்சிய சுவர்களை ஆலும் அரசும் வேரால் நெருக்கிப் பிளந்திருந்தன. எல்லைக்கற்கள் பற்றைக்குள் மறைந்திருந்தன. கல் காத்துத் தரும் என்று நாம் நம்பியிருந்தது கல்லால் இயலவில்லை. எடுத்துச் சென்ற நகைகளோ பல வீடுகளில் ஈடாகி, பிள்ளைகளின் படிப்பாகவும் வாடகையாகவும் மருந்தாகவும் மாறிவிட்டன. நீலத்தின் வன்மை ஒன்பதேயாயினும் பசியின்முன் அது நில்லாது. ஆயினும் அவை வீணாயின என்று சொல்வாருண்டோ? படித்து வந்த பிள்ளை, உருமாறிய நகையன்றோ!

யாழ்ப்பாணத்துப் பேச்சிலே 'உறுதி' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. காணிப் பத்திரத்தையே நாம் உறுதி என்கின்றோம். மோஸின் ஏணியில் அந்தக் கடதாசிக்கு இடமே இல்லை. தீயில் எரியும், நீரில் ஊறும், கறையான் தின்னும். ஆனால் எல்லைக்கல் மறைந்த நிலத்தில், 'இது என் பாட்டனார் காணி' என்று நிறுவ உதவியது அதுவே. முகாமிலிருந்து முகாமுக்கும், உறவினர் வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கும், தலையணையின் கீழும் தகரப் பெட்டியிலும் அதனை வைத்துக் காத்த தாய்மாரின் கவனமே அக்கடதாசிக்கு வன்மையும் முறியாமையும் மாறாமையும் தந்தது.

கற்களைப் பற்றிய கல்வி நமக்கு இதனைத் தெளிவாக்குகின்றது. எதுவும் தன்னியல்பால் மட்டும் நிலைப்பதில்லை. வைரமாயினும் காக்கத் தெரியாதவன் கையில் உடையும். முத்தாயினும் காக்கத் தெரிந்தவன் கையில் தலைமுறை கடக்கும். ஆகவே அடுத்த விடுமுறை நாளில், இளைஞர்களே, உங்கள் பாட்டியாரிடம் நகைப்பெட்டியைத் திறந்து காட்டும்படி கேளுங்கள். எந்தக் கல் எங்கிருந்து வந்தது, யார் அணிந்தது, எப்போது ஈடு வைத்து எப்படி மீட்டது என்பதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கல்லின் வயதை விஞ்ஞானி கணித்துவிடுவான்; அதன் கதையைச் சொல்ல வல்லவர் இன்று உங்கள் வீட்டுத் திண்ணையிலேதான் இருக்கின்றார்.